ஸ்டைல்: எழுத்தாணியா, தூணா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, போர்ட் லூயிஸிலிருந்தும் ரோஸ் ஹில்லிலிருந்தும் வந்து அரங்கை நிறைத்திருக்கும் மொரீஷியஸ் தமிழ் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஸ்டைல் என்பது ஒருவருடைய கைத்தடமா, பலரும் ஏற்றுக்கொண்ட பொது வடிவமா என்பதே இன்றைய வழக்கு. பொது வடிவமே என்று வாதிட்ட எதிரணித் தலைவர், அச்சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் உள்ள ஒய் என்ற எழுத்தைச் சான்றாகக் காட்டி, தூண் எனப் பொருள்படும் ஸ்டைலோஸ் என்ற கிரேக்கச் சொல்லே அதன் தாய் என்றார். அவர் வாதம் அங்கேயே இடறுகிறது. அதன் தாய் ஸ்டிலுஸ் என்னும் லத்தீன் சொல். கூரிய கோல், குறிப்பாக எழுத்தாணி என்பது அதன் பொருள். லத்தீனில் ஐ என்ற எழுத்தே அதற்கு உரியது. கிரேக்கத் தூணோடு உறவு உண்டெனத் தவறாக எண்ணியதால்தான் ஒய் உள்ளே புகுந்தது. பூவின் சூல்தண்டை ஆங்கிலத்தில் ஸ்டைல் என்பது மட்டும் தூணிலிருந்து வந்ததே. அதை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

அந்த ரோமானிய எழுத்தாணியைச் சற்று அருகில் வைத்துப் பாருங்கள். இரும்பிலோ எலும்பிலோ செய்த அதன் ஒரு முனை மெழுகுப் பலகையில் கீறி எழுதுவதற்குக் கூராகவும், மறுமுனை எழுதியதைத் தேய்த்து அழிப்பதற்குத் தட்டையாகவும் இருந்தது. மறுபடி படிக்கத் தகுந்ததாக எழுத வேண்டுமானால் எழுத்தாணியை அடிக்கடி திருப்பு என்று கவிஞர் ஹோரஸ் சொன்னது இதை வைத்துத்தான். எதை வைப்பது, எதை அழிப்பது என்று ஒரு கை எடுத்த முடிவுகளின் தொகுப்பே நடை. எனவே கருவியின் பெயர் அக்கருவியால் எழுதியவரின் நடைக்கு ஆகிவந்ததில் வியப்பில்லை. பனையோலையில் கீறிய நம் முன்னோருக்கு அப்படித் தேய்த்து அழிக்கும் வசதிகூட இல்லை. அவர்கள் நடை எழுத்தாணி ஓலையைத் தொடுமுன்பே உருவாகியிருக்க வேண்டும் என்பதை நினைக்கும்போதெல்லாம் நான் மலைத்துப்போகிறேன்.

மன்னரை எந்தப் பட்டத்தோடு குறிப்பது என்பதும் ஸ்டைல். 1752இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றியபோது பழைய ஸ்டைல், புதிய ஸ்டைல் என்று தேதிகளைப் பிரித்ததும் ஸ்டைல். இவையெல்லாம் எழுதும் முறையைச் சுற்றியே நிற்கின்றன. இத்தீவில் பிரெஞ்சு பேசும்போது பேனாவை ஸ்டிலோ என்கிறோமே, அதுவும் அந்த எழுத்தாணியின் வழியில் வந்ததுதான். ஸ்டைல் என்பது மனிதனே என்று 1753இல் பிரெஞ்சு அகாதெமியில் இயற்கை ஆய்வாளர் பூஃபோன் பேசினார். மற்றவற்றை ஒருவரிடமிருந்து பிறர் எடுத்துக்கொள்ளலாம், நடையை எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர் கருத்து.

எதிரணியின் வலுவான வாதம் தண்டியலங்காரத்தைப் பற்றியது. வைதருப்பம், கௌடம் என்று நாட்டுப் பெயரால் செய்யுள் நெறிகளை வகுத்த அணியிலக்கண நூல் அது. ஆகவே நடை கூட்டத்துக்குரியது என்றார்கள். நெறி பலருக்கும் பொது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டக்கூத்தன் பாட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் என்று ஊர் சொன்னபோது, அது ஒரு நாட்டின் நெறியையா சொன்னது? ஒரு தனிப் புலவனின் பாட்டைத்தான் பெயர் சொல்லிக் குறித்தது.

நம் கோயில்களின் கோபுரங்களைத் திராவிட ஸ்டைல் என்கிறோமே, அது பொது வடிவம் இல்லையா என்று கடைசியாகக் கேட்டார்கள். சிற்ப நூல் அளவைத் தருகிறது, உண்மை. அதே அளவில் இரு சிற்பிகள் இரண்டு யாளிகளைச் செய்தால், ஒன்றின் கண்ணில் சீற்றமும் மற்றதன் கண்ணில் விளையாட்டும் தெரிவது எந்த நூலால்? அந்த வேறுபாடு உளி பிடித்த கையிலிருந்து வருகிறது. எழுத்தாணி பிடித்த கையிலும் அதுவே நிகழ்ந்தது. எதிரணி சான்றாகக் கொண்டுவந்த தூணைச் செதுக்கியவனும் எங்கள் அணிக்கே சாட்சி சொல்கிறான் என்பதைத் தங்கள் முன் வைத்து அமர்கிறேன், நடுவர் அவர்களே.