கரு வைத்த பிறகு வரும் அடிவயிற்று வலி

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தாதியாக வேலை பார்க்கிறேன். முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி, அந்தக் கருவைக் கருப்பைக்குள் வைக்கும் கருத்தரிப்புச் சிகிச்சைக்காக இங்கிருந்து ஈப்போவுக்குப் போய்வரும் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "மிஸ்ஸி, அடிவயிறு சுண்டி இழுக்கிறது. கரு தங்கிவிட்டதா, கலைந்துவிட்டதா?"

வலியை வைத்து அதைச் சொல்லவே முடியாது. வலித்தாலும் தங்கியிருக்கலாம், துளி வலி இல்லாமலும் தங்கியிருக்கலாம்.

சிகிச்சையே வலிக்குப் பல காரணங்களைக் கொண்டுவருகிறது. வழக்கமாக மாதம் ஒரு முட்டை முதிரும் இடத்தில், ஊசி மருந்தால் பல முட்டைகள் ஒன்றாக வளர்கின்றன. சினைப்பை பெருத்துக் கனக்கிறது. முட்டைகளை ஊசியால் உறிஞ்சி எடுத்த பிறகு ஓரிரு நாள் மாதவிலக்கு வலிபோல் இருப்பது இயல்பு. ஆனால் பலரையும் குழப்புவது, கரு வைத்தபின் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்துதான். அது குடலை மந்தமாக்குவதால் வயிறு உப்புகிறது, மலம் கட்டுகிறது, பிடிப்பு வருகிறது. கர்ப்பம் என்றாலும் இப்படித்தான் இருக்கும், மாதவிலக்கு நெருங்கினாலும் இப்படித்தான் இருக்கும். முட்டை முதிர்வதற்குக் கடைசியாகப் போடும் ஊசி, வீட்டில் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையில்கூடப் பொய்யாகக் கர்ப்பம் என்று காட்டக்கூடும். டாக்டர் குறித்த நாளில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையை நம்புங்கள்.

அசையாமல் படுத்திரு என்று பெரியவர்கள் சொல்வார்கள். எழுந்து நடந்தால் கரு நழுவிவிடாது, நடங்கள், சமையுங்கள். வலித்தால் பெனடோல் (பாராசிட்டமால்) எடுத்துக்கொள்ளலாம். டாக்டரைக் கேட்காமல் இபுபுரோஃபென் என்ற வலி மாத்திரை மட்டும் வேண்டாம்.

இனி, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். தோட்டங்களில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய பெண்களின் மகள்கள், பேத்திகள் நாம். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். இந்தச் சிகிச்சையில் அந்தப் பொறுமை உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரே பக்கமாகக் குத்தும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், இரத்தப்போக்கு இருந்தால் கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் வளர்கிறதோ என்று பார்த்தாக வேண்டும். கருப்பைக்குள்தானே வைத்தார்கள் என்று கேட்பார்கள். உள்ளே வைத்த கருவும் நகர்ந்து குழாய்க்குள் போய் ஒட்டுவதுண்டு. முன்பே குழாய் பழுதானவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டும். திடீரென்று வாந்தியோடு வரும் கடும் வலி, பெருத்த சினைப்பை முறுக்கிக்கொண்டதால் இருக்கலாம். வயிறு வீங்கி, எடை மளமளவென்று ஏறி, சிறுநீர் குறைந்து மூச்சு வாங்கினால், அது ஊசி மருந்துக்குச் சினைப்பை அளவு மீறி வேலை செய்ததன் விளைவாக இருக்கலாம். இவற்றில் எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சிகிச்சை எடுப்பதை மாமியார் வீட்டுக்குக்கூடச் சொல்லாத பெண்களை நான் அறிவேன். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும், நீங்கள் மயங்கி விழுந்தால் அவர் பேச வேண்டும். 999-ஐ அழைத்தாலும் அவசரப் பிரிவுக்கு நேரே போனாலும், வயிற்று வலி என்று மட்டும் சொல்லாதீர்கள். கருத்தரிப்புச் சிகிச்சையில் இருக்கிறேன், இன்ன தேதியில் முட்டை எடுத்தார்கள், இன்ன தேதியில் கரு வைத்தார்கள், இந்தப் பக்கம் வலிக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.