ஒரே பிறப்பு, இரண்டு தீர்ப்பு: எஸ்தே வம்சத்தின் கொடிவழி

அவையோருக்கு வணக்கம்.

1597 அக்டோபர் 27 அன்று, வட இத்தாலியின் ஃபெர்ராரா நகரை ஆண்ட எஸ்தே வம்சத்துப் பிரபு இரண்டாம் அல்ஃபோன்சோ இறந்தார். மூன்று முறை மணந்தும் பிள்ளை இல்லை. வாரிசாக அவர் குறித்துவைத்தது செசாரேயை. ஆனால் மறு வருடம் ஜனவரி முடிவதற்குள் செசாரே ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அதே செசாரே, பக்கத்து மோதெனாவில் 1628 வரை பிரபுவாக ஆண்டார். ஒரே ஆள், ஒரே பிறப்பு; ஓர் ஊரில் செல்லவில்லை, இன்னோர் ஊரில் செல்லுபடியானது. எஸ்தே கொடிவழியைப் படிக்க இந்த முடிச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் உறவு. செசாரேயை இரண்டாம் அல்ஃபோன்சோவின் பேரன் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பிழைக்குக் காரணம், நடுவே எண் இல்லாத ஓர் அல்ஃபோன்சோ இருப்பது. முதலாம் அல்ஃபோன்சோவுக்கு லுக்ரேசியா போர்ஜா வழியாகப் பிறந்தவர் இரண்டாம் எர்கோலே. அவர் மகன் இரண்டாம் அல்ஃபோன்சோ. லுக்ரேசியா 1519இல் இறந்தபின் முதலாம் அல்ஃபோன்சோவோடு வாழ்ந்தவர் லாரா தியாந்தி. அவருக்கு 1527இல் பிறந்தவர்தான் மொந்தெக்கியோவின் அல்ஃபோன்சோ. அவர் ஆளவில்லை, அதனால் எண்ணும் இல்லை. அவர் மகன் செசாரே. நம் வழக்கில் சொன்னால் செசாரேயும் இரண்டாம் அல்ஃபோன்சோவும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள், பங்காளிகள். லாராவை முதலாம் அல்ஃபோன்சோ முறைப்படி மணந்தாரா என்பதே வழக்கு. மணந்தார் என்றது செசாரே தரப்பு. போப் எட்டாம் கிளெமென்ட் ஏற்கவில்லை.

இத்தனைக்கும் மணத்துக்கு வெளியே பிறந்தவர் ஆள்வது இந்த வீட்டில் புதிதே அல்ல. 1441இல் இறந்த மூன்றாம் நிக்கோலோவே அப்படிப் பிறந்தவர். அவருக்குப் பின் வந்த லியோனெல்லோ, போர்சோ இருவரும் அப்படியே. நிக்கோலோவுக்கு முறைப்படி பிறந்த மகன் முதலாம் எர்கோலேக்கு அப்போது வயது பத்து. லியோனெல்லோவுக்கோ முப்பத்து நான்கு. சுற்றிலும் வெனிஸும் மிலானும் காத்திருக்கையில் சிறுவனை அமர்த்த யாருக்குத் துணிச்சல் வரும்? எர்கோலேக்கு முறை வந்தது 1471இல்தான். அப்போதும் லியோனெல்லோவின் மகன் நிக்கோலோ உரிமை கேட்டு 1476இல் படையோடு நுழைந்து, பிடிபட்டுத் தலையை இழந்தான்.

பிறகு 1597இல் மட்டும் என்ன வந்தது? விடை போர்சோவின் பட்டங்களில் இருக்கிறது. 1452இல் புனித ரோமப் பேரரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் அவரை மோதெனாவுக்கும் ரெஜ்ஜோவுக்கும் பிரபுவாக்கினார். 1471இல் போப் இரண்டாம் பால், திருச்சபை நிலமான ஃபெர்ராராவின் பட்டத்தைக் கொடுத்தார். ஆக, ஒரே குடும்பத்துக்கு மேலே இரண்டு எஜமானர்கள். இதில் போப் ஐந்தாம் பயஸ் 1567இல் ஓர் ஆணை இட்டார்: திருச்சபைக்குரிய நிலங்களை முறையற்ற பிறப்பினருக்கு மானியமாகத் தரக்கூடாது. பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு அந்த ஆணை பொருட்டல்ல, செசாரேயை ஏற்றார். போப்போ செசாரேயைச் சபைவிலக்கு செய்து, படையையும் திரட்டினார். 1598 ஜனவரியில் ஃபாயென்ஸாவில் உடன்படிக்கை. செசாரே தரப்பில் பேசச் சென்றவர் இறந்த பிரபுவின் சகோதரி லுக்ரேசியா. அடுத்த மாதமே இறந்த அவர், தம் சொத்தை எழுதிவைத்தது எதிர்த்தரப்பில் பேசிய கர்தினால் அல்தோபிராந்தினிக்கு! குடும்பத்தின் ஆவணக்காப்பகம் இன்றும் மோதெனாவில்தான் இருக்கிறது.

எனவே இந்த வம்சத்துக்குப் படம் வரைகிறவர்கள் மணவழிப் பிறப்புக்கு முழுக்கோடு, மற்றதற்குப் புள்ளிக்கோடு என்று போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு பெயரின் அருகிலும் எந்த நிலம், யார் தந்த பட்டம், எந்த ஆண்டு என்பதையும் எழுத வேண்டும். இல்லையேல் 1598இல் மரம் ஏன் இடம்பெயர்ந்தது என்பது படத்தில் தெரியாது.

வேர் இன்னும் பழையது. 1097இல் இறந்த இரண்டாம் அல்பெர்த்தோ அஸ்ஸோவுக்கு இரண்டு மனைவியர் வழியே இரண்டு கிளைகள். கார்சென்தின் மகன் ஃபுல்கோவிடமிருந்து இத்தாலியக் கிளை. குனிகுண்டேயின் மகன் வெல்ஃப், தாய்மாமன் பிள்ளையின்றி இறந்ததால் ஜெர்மனி போய் 1070இல் பவாரியாவின் பிரபுவானார். அவர் வழியில் பின்னாளில் பிரிட்டனையும் ஆண்ட ஹனோவர் அரசர்கள். லைப்னிட்ஸ் என்ற தத்துவஞானி ஹனோவர் அரண்மனைக்காக மோதெனா வந்து இந்த உறவுக்குச் சான்று தேடியது 1690 வாக்கில்.

இத்தாலியக் கிளையின் ஆண்வழி 1803இல் மூன்றாம் எர்கோலேயோடு நின்றது. மகள் மரியா பெயாத்ரிச்சே ஆஸ்திரிய இளவரசரை மணந்ததால் பெயர் அங்கே போயிற்று. 1914இல் சரயேவோவில் சுடப்பட்ட ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் பட்டங்களில் 'எஸ்தே'யும் ஒன்று. அஸ்ஸோவின் ஆண்வழியோ ஹனோவர் கிளையில் ஓடியது. நம் பாட்டிகள் பெட்டியில் வைத்திருந்த வெள்ளி ரூபாயின் விக்டோரியா ராணி, தந்தைவழியில் அந்த அஸ்ஸோவின் பேத்தி முறைதான்.