சீனர்கள் நடுவுல வேலை செஞ்ச புராட்டஸ்டன்ட் மிஷனரிகள்: ஒரு பெயர்ப் பட்டியல் உருவாகுறது எப்படி

(திரையில்: பழைய புத்தகம் ஒண்ணோட தலைப்புப் பக்கம். ஷாங்காய், 1867.)

வணக்கம். சீனர்கள் நடுவுல வேலை செஞ்ச புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் பேரையெல்லாம் ஒரே லிஸ்ட்ல கொண்டு வரணும்னா எப்படிப் பண்றது, எங்கெங்க சிக்கும், அதைத்தான் இன்னைக்கு பார்க்கப் போறோம். கேட்க சின்ன வேலை மாதிரிதான் இருக்கும், பேரு, வருஷம், ஊரு, போட்டா முடிஞ்சுது. ஆனா உட்கார்ந்து நாலஞ்சு பழைய புத்தகத்தைப் பக்கத்துல விரிச்சு வச்சுக்கிட்டு ஆரம்பிச்சா, இது ரெண்டு பேரா இல்ல ஒரே ஆளான்னு முதல் பக்கத்துலயே கேள்வி வந்துரும்.

இந்த வேலைல நமக்கெல்லாம் முன்னோடி அலெக்சாண்டர் வைலி. 1815ல லண்டன்ல பொறந்தவர். சீன மொழி மேல ஆசை வந்து, பழைய புத்தகக் கடையில கிடைச்ச ஒரு சீன இலக்கணத்தை வாங்குனார், அது ஒரு கத்தோலிக்க பாதிரியார் லத்தீன்ல எழுதினது, அதைப் படிக்கிறதுக்காகவே லத்தீன் கத்துக்கிட்டு, கையில ஒரு சீன மொழி புதிய ஏற்பாட்டை வச்சுக்கிட்டு வாத்தியார் இல்லாம தானா படிச்சவர். லண்டன் மிஷனரி சொசைட்டி, நம்ம நாகர்கோவில் பக்கம் எல்.எம்.எஸ்னு சொல்றாங்களே அதே சொசைட்டிதான், 1847ல இவரை ஷாங்காய்ல இருந்த அவங்க அச்சகத்தைப் பார்த்துக்க அனுப்புச்சு. அந்த அச்சகத்துல மெஷினை ஓட்டினது மாடு. நீராவி எல்லாம் கிடையாது, மாடு சுத்தி வரும், உள்ள தாள் அச்சாகி வெளிய வரும், அதைப் பார்த்து சீனக் கவிஞர்கள் பாட்டே எழுதியிருக்காங்க. லி ஷான்லான்னு ஒரு சீனக் கணித அறிஞரோட சேர்ந்து உட்கார்ந்து, யூக்ளிட் ஜியோமெட்ரில மத்தேயோ ரிச்சிங்கிற பழைய கத்தோலிக்க பாதிரியார் காலத்துல மொழிபெயர்க்காம விட்ட மீதிப் பாகத்தை இவர்தான் முடிச்சார்.

இந்த மனுஷன் 1867ல ஷாங்காய்ல ஒரு புத்தகம் போட்டார். 338 மிஷனரிகள். ஒவ்வொருத்தருக்கும் தனித் தலைப்பு, சீனப் பேரு, எங்க பொறந்தார், எப்ப வந்தார், எந்தெந்த ஊர்ல இருந்தார், என்னென்ன எழுதி அச்சடிச்சார், எல்லாம். அதோட ஸ்கேன் இன்டர்நெட் ஆர்கைவ்ல இலவசமா கிடைக்குது, டவுன்லோட் பண்ணி ஒரு பத்து பக்கமாவது படிங்க, ஒரு லிஸ்ட்டை இவ்வளவு அக்கறையா போட முடியுமான்னு எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு.

அந்தப் புத்தகத்தோட தலைப்புலயே ஒரு பெரிய முடிவு இருக்கு. சீனாவுல இருந்த மிஷனரிகள்னு போடல, சீனர்களுக்குப் போன மிஷனரிகள்னு போட்டிருக்கார். ஏன்னா 1842ல நான்கிங் உடன்படிக்கை வந்து குவாங்சோ, ஷியாமென், ஃபூசோ, நிங்போ, ஷாங்காய்னு அஞ்சு துறைமுகம் திறக்குற வரைக்கும் சீனாவுக்குள்ள மிஷனரி வேலையே சட்டப்படி நடக்க முடியாது. சீனாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரி ராபர்ட் மாரிசன் 1807 செப்டம்பர்ல மக்காவு வழியா குவாங்சோ வந்து சேர்ந்தார், ஆனா அங்க நிலைச்சு இருக்குறதுக்கே கிழக்கிந்தியக் கம்பெனில மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்க வேண்டியிருந்துச்சு. மத்தவங்கெல்லாம் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர், பட்டாவியா (இப்ப ஜகார்த்தா), பாங்காக்னு சீனர்கள் குடியேறியிருந்த ஊர்களுக்குப் போனாங்க. வில்லியம் மில்ன் 1815ல மலாக்கா போய் பள்ளிக்கூடம், அச்சகம், சீன மொழியில மாதப் பத்திரிகைன்னு ஒவ்வொண்ணா ஆரம்பிச்சார். இவங்களை விட்டுட்டு லிஸ்ட் போட்டா முதல் 35 வருஷம் கிட்டத்தட்ட காலியாத்தான் இருக்கும்.

அதனால நீங்க முதல்ல எழுத வேண்டியது பேரு இல்ல, விதி. யாரைச் சேர்ப்போம், யாரை விடுவோம்னு ஒரு அரைப் பக்கம் எழுதி வச்சுக்கோங்க. மலாக்காவுலயே இருந்து அங்கயே இறந்தவரைச் சேர்க்கணுமா? சேர்க்கணும். டாக்டர், அச்சுக்காரர்? கண்டிப்பா, வைலியே அச்சுக்காரர்தான். பாதிலயே வேலையை விட்டவங்க? பீட்டர் பார்க்கர் 1835ல குவாங்சோல கண் ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச மிஷனரி டாக்டர், 1850கள்ல பார்த்தா சீனாவுல அமெரிக்காவோட தூதர். சாமுவேல் வெல்ஸ் வில்லியம்ஸ் மிஷன் அச்சகத்தைக் கவனிக்க 1833ல வந்தவர், பின்னாடி அவரும் தூதரக வேலைக்குப் போயிட்டார். இவங்களை லிஸ்ட்ல வைங்க, ஆனா மிஷனை விட்டு விலகின வருஷத்துக்குத் தனிக் கட்டம் வைங்க. இல்லன்னா தூதரா செஞ்சதெல்லாம் மிஷனரி கணக்குல ஏறிடும், அது சரித்திரத்துல பெரிய தப்பு.

(திரையில்: ஷாங்காய் வரைபடம். மேல ஒரே பேரு ரெண்டு தடவை.)

இப்ப இந்த வீடியோல நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். ஒவ்வொரு ஆளுக்கும் அவரோட சீனப் பேரை, சீன எழுத்துலயே, தனிக் கட்டத்துல போடுங்க. அலங்காரத்துக்கு இல்ல. அந்த ஆளைப் பிடிச்சு நிறுத்துற ஆணி அதுதான்.

வால்டர் ஹென்றி மெட்ஹர்ஸ்ட் 1796ல லண்டன்ல பொறந்த அச்சுக்காரர். மலாக்கா போற வழியில நம்ம சென்னைல, அப்ப மெட்ராஸ், கப்பல் நிக்க, 1817ல இங்கதான் எலிசபெத்துங்கிறவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு ரெண்டு பேருமா மலாக்கா போய்ச் சேர்ந்தாங்க. அப்புறம் ரொம்ப வருஷம் பட்டாவியா, 1843ல ஷாங்காய். இவரோட மகன் பேரும் வால்டர் ஹென்றி மெட்ஹர்ஸ்ட். அந்த மகனும் ஷாங்காய்லதான் இருந்தார், ஆனா மிஷனரியா இல்ல, பிரிட்டிஷ் கன்சலா. பழைய ஆங்கில ஆவணத்துல ஷாங்காய், மெட்ஹர்ஸ்ட்னு மட்டும் இருந்தா அப்பனா மகனான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? சீன ஆவணத்துல குழப்பமே இல்ல, அப்பா பேரு மாய் தூஸ, மகன் பேரு மாய் ஹுவாதுவோ. குடும்பப் பேரு ஒண்ணு, மீதி வேற. ரெண்டே எழுத்துல பிரச்சினை தீர்ந்துச்சு.

மில்ன் வீட்டுலயும் இதே கதைதான். அப்பா வில்லியம் மில்ன் 1822ல மலாக்காவுல இறந்துட்டார், மகன் வில்லியம் சார்ல்ஸ் மில்ன் 1839ல அதே சொசைட்டி மிஷனரியா வர்றார். நடுவுல இருக்கிற சார்ல்ஸை யாராவது விட்டுட்டா, செத்துப் போனவர் பேர்ல 1840கள்ல புத்தகம் வந்த மாதிரி ஆயிடும்.

அப்புறம் எது பேரு, எது குடும்பப் பேருங்கிறதே தெரியாத ஆட்கள். கிரிஃபித் ஜான், ஹான்கோல ரொம்ப காலம் வேலை செஞ்சவர், வேல்ஸ்காரர். இவரோட குடும்பப் பேருதான் ஜான். ஆனா பாதி லிஸ்ட்ல ஜான் கிரிஃபித்னு திருப்பிப் போட்டு வேற எழுத்துக்குக் கீழ கொண்டு போய் வச்சிருவாங்க. திமொத்தி ரிச்சர்டும் வேல்ஸ்காரர்தான், ரிச்சர்டுங்கிறது குடும்பப் பேரு. கிரிஃபித் ஜானைச் சீனர்கள் யாங் கஃபெய்னு சொன்னாங்க, ரிச்சர்டை லி திமோதாய்னு சொன்னாங்க, சீன நூலகத்துல தேடினா அந்தப் பேர்லதான் அவங்க புத்தகமெல்லாம் வரிசையா நிக்கும். டபிள்யூ. ஏ. பி. மார்ட்டின்ங்கிற அமெரிக்க மிஷனரி எழுதினதைச் சீன மொழியில தேடணும்னா திங் வெய்லியாங்னு தெரிஞ்சிருக்கணும், மார்ட்டின்னு தேடி ஒரு பிரயோஜனமும் இல்ல.

இதுக்கு மேல புனைபேரு வேற இருக்கு. ஆரம்ப காலத்துல வெளிநாட்டுக்காரன் சீன மொழியில புத்தகம் போடுறது ஆபத்து, அதனால மில்ன் மனுஷங்களையெல்லாம் நேசிக்கிறவன்ங்கிற அர்த்தத்துல ஒரு பேரு வச்சுக்கிட்டார், குட்ஸ்லாஃப் சீனர்களை நேசிக்கிறவன்னு வச்சுக்கிட்டார். குட்ஸ்லாஃபோட முதல் பேரு ஒரு இடத்துல கார்ல், இன்னொரு இடத்துல சார்ல்ஸ்னு இருக்கும், ரெண்டும் ஒரே பிரஷ்யக்காரர்தான். இவர் விஷயத்துல ஒண்ணைத் தயவுசெஞ்சு மறைக்காதீங்க, 1830கள்ல அபின் ஏத்திட்டுப் போன கப்பல்ல மொழிபெயர்ப்பாளரா போயிருக்கார், துண்டுப்பிரசுரமும் அதே கப்பல்ல போயிருக்கு. லிஸ்ட்ல குறிப்புன்னு ஒரு கட்டம் இருந்தா அதுல இது வரணும்.

ஊர்ப் பேரும் இப்படித்தான். பழைய புத்தகத்துல அமாய்னு இருக்கிறது இப்ப ஷியாமென், ஸ்வாடோ இப்ப ஷான்டோ, செஃபூ இப்ப யான்டாய். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல போட்டுருங்க, போதும்.

வருஷத்துக்கு வருவோம், இங்கயும் கவனமா இருக்கணும். மெட்ஹர்ஸ்ட் வந்த வருஷம் 1817னு ஒருத்தர் போடுவார், 1843னு இன்னொருத்தர் போடுவார், ரெண்டு பேரும் சரி, ஒருத்தர் மலாக்கா கணக்கு, இன்னொருத்தர் ஷாங்காய் கணக்கு. அதனால வந்தார்னு சும்மா ஒரு கட்டம் வைக்காதீங்க. சொசைட்டி அனுப்புன தேதி, சீனர்கள் நடுவுல முதல்ல கால் வச்ச தேதி, ஊரு, அப்புறம் அடுத்தடுத்த ஊர், இப்படி வைங்க. சொசைட்டியும் மாறும். ஹட்சன் டெய்லர் 1854 மார்ச்ல ஷாங்காய் வந்தப்ப அவரை அனுப்புனது வேற ஒரு சொசைட்டி, 1857ல அதுல இருந்து விலகினார், அவரே சீனா இன்லாண்ட் மிஷன்னு சொந்தமா ஒரு சொசைட்டி ஆரம்பிச்சது 1865ல. அவர் பேருக்கு நேரா கடைசிச் சொசைட்டியை மட்டும் போட்டா, இல்லாத சொசைட்டி சார்புல பதினோரு வருஷம் முன்னாடியே கப்பல் ஏறின மாதிரி இருக்கும்.

(திரையில்: திருமதி டெய்லர்னு ஒரு வரி. கீழ ரெண்டு கேள்விக்குறி.)

இப்ப பெண்கள். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டப்படுற இடம் இது. பழைய லிஸ்ட்ல மனைவிங்க பெரும்பாலும் புருஷன் வரிக்குள்ளயே அடங்கிடுவாங்க, திருமதி இன்னார்னு மட்டும். ஆனா திருமதி ஹட்சன் டெய்லர்னு சொன்னா அது ரெண்டு பேரு. மரியா டயர், மலாக்காவுல பொறந்தவங்க, அப்பா சாமுவேல் டயர் சீன எழுத்துக்கு ஈய அச்சு செய்றதுக்காகவே உழைச்சு 1843ல இறந்தவர். மரியா கல்யாணத்துக்கு முன்னாடியே நிங்போல மேரி ஆன் ஆல்டர்சி நடத்துன பெண்கள் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க, சீன மொழி சரளமா பேசுவாங்க, 1870ல ஷென்ஜியாங்ல இறந்தாங்க. அடுத்து ஜென்னி ஃபால்டிங், 1871ல கல்யாணம். வடக்கு சீனாவுல கொடூரமான பஞ்சம் வந்தப்ப, 1878ல வேற ரெண்டு பெண்களைக் கூட்டிக்கிட்டு, புருஷன் இல்லாம, ஷான்ஷி மாகாணத்துல தாய்யுவான் வரைக்கும் உள்நாட்டுக்குப் போய் அனாதைப் பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டது இவங்கதான். திருமதி டெய்லர்னு ஒரே வரியில போட்டா, மரியா பள்ளிக்கூடமும் ஜென்னி பயணமும் ஒண்ணா கலந்து கடைசில ரெண்டு பேருமே காணாம போயிடுவாங்க. அதனால ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி வரி, பொறந்த வீட்டுப் பேரோட. இதுல சமரசமே வேண்டாம்.

லியாங் ஃபாவைச் சேர்க்கணுமான்னு கேட்டா, நான் சேர்ப்பேன். அச்சுக்கட்டை செதுக்குறவர், 1816ல மலாக்காவுல மில்ன் கையால ஞானஸ்நானம் வாங்கினவர், அப்புறம் மாரிசன் அவரை ஊழியத்துக்கு நியமிச்சார். அவர் எழுதி 1832ல வெளிவந்த புத்தகத்தைப் படிச்சுத்தான் ஹோங் ஷியூசுவான் கிளம்பினார், சீனப் பேரரசை எதிர்த்து அவர் நடத்துன தைப்பிங் கலகம் அதுல இருந்து வந்துச்சு. சொசைட்டி அனுப்பல, கப்பல்ல வரல, ஆனா சீனர்கள் நடுவுல வேலை செஞ்ச மிஷனரின்னு சொல்ல இவரை விட்டா யாரு?

எண்ணிக்கையைப் பார்த்தா ஏன் எல்லையைக் குறுக்கிக்கணும்னு புரியும். 1858ல மொத்தமே 81 பேர்தான் சீனாவுல. 1889ல 1,296. 1905ல 3,445. 1920கள் நடுவுல எட்டாயிரத்தைத் தாண்டிடுச்சு. வைலி மாதிரி ஒவ்வொருத்தருக்கும் வாழ்க்கைக் குறிப்பு எழுதுறது 1867ல ஒரு ஆளால முடிஞ்சுது, 1920க்கு முடியவே முடியாது. பிற்காலத்துக்கு சொசைட்டிகளோட ஆவணக் காப்பகம்தான் கதி. எல்.எம்.எஸ், சீனா இன்லாண்ட் மிஷன் ரெண்டுக்கும் லண்டன்ல சோவாஸ் நூலகம், சர்ச் மிஷனரி சொசைட்டிக்கு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம், பாஸ்டன்ல இருந்து வந்த அமெரிக்கன் போர்டு ஆட்களுக்கு ஹார்வர்ட்.

வெளிநாட்டுக்காரங்களுக்கும் கிறிஸ்தவங்களுக்கும் எதிரா சீனாவுல நடந்த 1900 பாக்ஸர் கலவரத்துல கொல்லப்பட்ட புராட்டஸ்டன்ட் மிஷனரிங்க வரும்போது நிதானமா பண்ணுங்க. பெரியவங்க 136, குழந்தைங்க 53. குழந்தைங்க மிஷனரி இல்லையேன்னு விதியைக் காட்டி விட்டுடாதீங்க, பெற்றோர் வரிக்குக் கீழ பேரோட போடுங்க. அதே கலவரத்துல சீனக் கிறிஸ்தவர்கள் இவங்களை விடப் பல மடங்கு பேர் செத்தாங்க, அவங்களுக்குத் தனி லிஸ்ட் வேணும், அது இதை விடப் பெரிய வேலை, ஆனா யாராவது பண்ணணும்.

சரி, எங்க ஆரம்பிக்கிறது? மாரிசன்ல இருந்து வரிசையா இறங்காதீங்க. நிங்போ எடுத்துக்கோங்க, 1850கள் மட்டும். ஆல்டர்சி, டயர் அக்கா தங்கச்சி புரெல்லாவும் மரியாவும், ஹட்சன் டெய்லர், மார்ட்டின், நெவியஸ், எல்லாரும் ஒரே ஊர்ல, வேற வேற சொசைட்டில, ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் கடிதம் எழுதிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தர் தேதியை இன்னொருத்தர் கடிதத்தை வச்சு சரிபார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்தத் தகவல் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு பக்கத்துலயே குறிச்சுக்கிட்டே போங்க, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு புத்தகம் ரெண்டு தேதி சொன்னா ரெண்டையும் எழுதிட்டு அடுத்த வரிக்குப் போங்க. நிங்போ முடிஞ்சா அடுத்து ஷாங்காய்.