முன்ஷி அப்துல்லா சாலையில் ஒரு பாட்டியின் பெயர்

வணக்கம் மக்களே, எல்லாரும் நலமா? பின்னால் கேட்கிற இரைச்சல் கோலாலம்பூரின் மஸ்ஜிட் இந்தியா கடைவீதி. சனிக்கிழமை காலை, கடைகளை இப்போதுதான் திறக்கிறார்கள். டாங் வாங்கி எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிட்டேன். கேமராவைத் திருப்புகிறேன், இந்தப் பெயர்ப்பலகையைக் கொஞ்சம் பாருங்கள். ஜாலான் முன்ஷி அப்துல்லா.

சின்ன வயதில் தீபாவளிக்குத் துணி எடுக்க வந்தால், அம்மா என்னையும் தம்பியையும் இந்த முனையில் நிற்க வைத்துவிட்டுத்தான் கடைக்குள் போவார். கையில் பைகள், தலைக்கு மேல் இந்தப் பலகை. எத்தனை தீபாவளி அப்படி நின்றிருப்போம்! ஒரு தடவைகூட இவர் யார் என்று நான் யோசித்ததில்லை. பலகையில் பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பக்கம் பூ கட்டிக்கொண்டிருக்கிற அக்காவிடம் கேட்டேன். "அக்கா, இந்த முன்ஷி அப்துல்லா யாருக்கா?" மல்லிகையை விரலில் சுற்றிக்கொண்டே, "பள்ளிவாசல் கட்டினவரா இருக்கும் தம்பி" என்றார். இருபது வருடமாக இதே இடத்தில் வியாபாரம் செய்கிறாராம்.

சரி, யார் இவர்? மலாக்காவில் பிறந்தவர். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸிடம் எழுத்தராக வேலை பார்த்தவர். மலாக்கா கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். முன்ஷி என்று கூப்பிட ஆரம்பித்தது அவர்கள்தான். முன்ஷி என்றால் மொழி கற்றுத் தருகிற வாத்தியார். ஹிகாயத் அப்துல்லா என்ற அவருடைய தன்வரலாறு 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் அச்சாகி வந்தது. 1854-இல் ஹஜ் பயணம் போன இடத்தில் காலமாகிவிட்டார். அதனால் போய்ப் பார்த்து ஒரு பூ வைக்கக்கூட இந்த மண்ணில் அவருக்கு ஒரு கல்லறை கிடையாது.

அந்தப் புத்தகத்தில் அவர் தன் குடும்பக் கதையைச் சொல்லும் இடத்தைப் படித்துவிட்டு நான் இரவு வெகுநேரம் தூங்கவில்லை. கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து வந்த அரபுக்காரர். வந்து எங்கே குடியேறினார் தெரியுமா? நாகூர். நம் நாகூர்தான். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய மகன்களில் ஒருவர் மலாக்காவுக்குக் கப்பலேறி வந்து, ஷேக் மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அந்தப் பெண்ணின் பெயர் பெரி ஆச்சி.

பெரி ஆச்சி! மலாய் இலக்கியத்தின் தந்தையுடைய பாட்டி நமக்குப் பெரியாச்சி. மீரா லெப்பை என்ற பெயரை இன்றைக்கும் நாகூரிலும் கீழக்கரையிலும் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மலாக்காவின் கம்போங் பாலியில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த பாட்டியைப் பற்றியும் அப்துல்லா எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா அவரைத் தமிழ் படிக்கவும் அனுப்பினார். அன்றைய மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கமாக இருந்தது. கணக்கு வழக்குக்கும் வியாபாரிகளோடு பேசவும் அது தேவைப்பட்டது.

இதெல்லாம் எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

எழுத்தாளருக்கு நினைவுச்சின்னம் என்றதும் நமக்கு முதலில் சிலைதான் ஞாபகம் வரும். நான் படித்த தமிழ்ப்பள்ளியில் சபைகூடல் நடக்கிற திடலுக்கு ஓரமாக ஒரு வள்ளுவர் சிலை உண்டு. கழுத்தில் போன பொங்கலுக்குப் போட்ட பிளாஸ்டிக் மாலை, வெயிலில் வெளுத்து, அடுத்த பொங்கல் வரைக்கும் அப்படியே கிடக்கும். தோளில் குருவி எச்சம். மூக்கு நுனியில் கொஞ்சம் சிமெண்டு பெயர்ந்திருக்கும். ஆனால் ஒன்று, நான்காம் ஆண்டில் எங்கள் வகுப்பாசிரியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்களை அந்தச் சிலைக்கு முன்னால் நிறுத்தி, ஆளுக்கு ஒரு குறள் சொல்ல வைப்பார். மறந்துபோனால் திட்டமாட்டார், பக்கத்துப் பிள்ளையைச் சேர்ந்து சொல்லச் சொல்வார். இன்றைக்கு எனக்குத் தெரிந்த குறள்களில் முக்கால்வாசி அங்கே வந்தவை. அந்த டீச்சர் மாற்றலாகிப் போனதும் அதுவும் நின்றுபோனது. சிலை அங்கேயேதான் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கன்னியாகுமரி போனேன். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறந்த வள்ளுவர் சிலை. கணபதி ஸ்தபதி செய்தது. பீடம் 38 அடி, அறத்துப்பாலில் 38 அதிகாரம். சிலை 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து 95 அதிகாரம். மொத்தம் 133. அறத்தின் மேல்தான் மற்ற இரண்டும் நிற்கின்றன என்று கல்லிலேயே சொல்லிவிட்டார் ஸ்தபதி. புத்தகத்தை உண்மையாகப் படித்தவரால்தான் இப்படி அளவெடுக்க முடியும். படியேறிப் பாதம் வரைக்கும் போகலாம். அப்பா தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். அந்தக் கால்விரல் மேல் உள்ளங்கையை வைத்து, காற்று அடிக்கிற அடியில் எனக்கே சரியாகக் கேட்காத குரலில் முதல் குறளைச் சொன்னார். நான் கேமராவை எடுக்கவில்லை.

எட்டயபுரத்துக்கும் போகவேண்டும் என்று ஆசை, அந்தத் தடவை முடியவில்லை. பாரதிக்கு அங்கே இருக்கிற மணிமண்டபம் அரசாங்கம் தானாக எழுப்பியது இல்லை. கல்கி தன் பத்திரிகையில் எழுதி எழுதி மக்களிடம் நிதி திரட்டினார். 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார், 1947-இல் திறப்பு. எழுத்தாளருக்கு இன்னொரு எழுத்தாளர் ஓடியாடிக் கட்டிய மண்டபம். எனக்கு இது ரொம்பப் பிடித்த கதை.

நம் நாட்டிலேயே பாரதிக்கு ஒன்று இருக்கிறது. பினாங்கு, கெலுகோரில் சுப்ரமணிய பாரதி தமிழ்ப்பள்ளி. என் பெரியம்மா பேத்தி அங்கேதான் படிக்கிறாள். எந்தப் பள்ளி என்று யார் கேட்டாலும் "பாரதி" என்று பட்டென்று சொல்வாள். சட்டையிலும் புத்தகப் பையிலும் அந்தப் பெயர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்தப் பெயர் அவள் வாயில் வருகிறது. எந்த வெண்கலச் சிலைக்கு இது கிடைக்கும்?

அதே பினாங்கில், ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் லோகன் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் வழக்கறிஞர், பத்திரிகை ஆசிரியர், இந்தோனேசியா என்ற பெயரைப் பரப்பியவர், 1869-இல் இறந்தவர். அழகான வேலைப்பாடு. நான் போனபோது இரண்டு பேர் அதன் நிழலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் தவறே இல்லை. அவர் என்ன எழுதினார் என்று ஒரு வரி அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம், முன்ஷி அப்துல்லாவுக்கும் ஒரு சிலை இருந்தது. 2019 ஜனவரியில் சிங்கப்பூர் ஆற்றோரம் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில், சிங்கப்பூர் வரலாற்றில் பெயர் பெற்ற நான்கு பேருக்குச் சிலை வைத்தார்கள். சாங் நீல உத்தமா, டான் டோக் செங், நாராயண பிள்ளை, முன்ஷி அப்துல்லா. யாரிடம் எழுத்தராக இருந்தாரோ அவருக்குப் பக்கத்திலேயே இவரும் நின்றார். ஆனால் தற்காலிகச் சிலைகள். சில நாளில் எடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் இந்தப் பலகை எனக்கு முக்கியம். இது நிரந்தரமாக இருக்கிறது, நம் மக்கள் தினமும் ஆயிரக்கணக்கில் நடக்கிற இடத்தில் இருக்கிறது. நான் பெரிய சிலை கேட்கவில்லை. பலகைக்குக் கீழே கைமுழம் அளவுக்கு இன்னொரு பலகை போதும். மலாயிலும் தமிழிலும் நாலு வரி. இவர் எழுத்தாளர், மலாக்காவில் பிறந்தார், தமிழும் படித்தார், பாட்டி பெயர் பெரி ஆச்சி. துணிப்பையோடு நிற்கிற ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். மாநகர் மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், மலாயிலும் தமிழிலும். இந்த வட்டாரத்தில் கடை வைத்திருக்கிற அண்ணன்மார், அக்காமார் யாராவது கையெழுத்துப் போட விரும்பினால் சொல்லுங்கள், நானே கடைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

முதல் கையெழுத்து கிடைத்துவிட்டது. கேமராவை நிறுத்திவிட்டு அந்தப் பூக்கார அக்காவிடம் திரும்பப் போய், பள்ளிவாசல் கட்டினவர் இல்லை அக்கா, கதை எழுதினவர் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரி ஆச்சி என்றதும் கட்டுவதை நிறுத்தினார். "நம்ம வீட்டுப் பேரு மாதிரி இருக்கே" என்றார். பூப்பொட்டலம் மடிக்கிற நாளிதழ்த் தாளில் ஒரு துண்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "அந்தப் பாட்டி பேரை எழுதிக் கொடு தம்பி, என் மகன் படிவம் நான்கு படிக்கிறான், அவன்கிட்ட காட்டணும்."

எழுதிக் கொடுத்தேன். மடித்துக் காசுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.