பில்டர் பட்டனுக்குப் பின்னால் ஒரு சீர்காழிக்காரர்

வணக்கம் உறவுகளே. ஒன்லைனில் பழைய மோட்டார் சைக்கிள் தேடியிருப்பீர்கள். பக்கத்தில் மாவட்டம், கம்பனி, ஆண்டு, விலை என்று வரும். நாலைத் தட்டினால் நூற்றுக்கணக்கான பைக்குகள் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். இந்த யோசனையை நூலகத்துக்காக 1933இலேயே புத்தகமாகப் போட்டவர் சீர்காழியில் பிறந்த ஒரு தமிழர், எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். எங்கட யாழ்ப்பாணப் பொது நூலகம் கட்டிய காலத்தில் ஆலோசனை சொன்னவரும் அவர்தான். இது இங்கேயே பலருக்குத் தெரியாது.

சரி, அவர் என்ன செய்தார்? அதற்கு முன்பே 1876இல் டூயி என்ற அமெரிக்க நூலகரின் தசமப் பகுப்பு வந்துவிட்டது. அறிவைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் திரும்பப் பத்தாகப் பிரித்துக்கொண்டு போகும் முறை. இப்போது ஒரு புத்தகம் வருகிறது என்று வையுங்கோ: 1950களில் யாழ்ப்பாணத்துப் புகையிலையில் வந்த நோய்கள். இதை விவசாயத்தில் வைப்பதா, உள்ளூர் வரலாற்றில் வைப்பதா? ரங்கநாதன் முதலில் துறையை எடுத்தார்: விவசாயம். பிறகு அதற்குள் கேள்வியாகக் கேட்டார். எந்தப் பயிர்? புகையிலை. அதில் என்ன பிரச்சினை? நோய். எங்கே, எப்போது? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு குறியீடு, நடுவில் முக்காற்புள்ளி (ஆங்கிலத்தில் கோலன்) மாதிரி நிறுத்தற்குறிகள். கோலன் பகுப்பு என்ற பெயர் அதனால்தான். இப்படிக் கேட்கும் ஒவ்வொரு கோணமும் ஒரு ‘முகம்’. ஆளுமை (எதைப் பற்றியது என்பது, இங்கே பயிர்), பொருள், செயல், இடம், காலம் என்று ஐந்து முகங்களை அடிப்படையாக வைத்தார்.

உண்மையைச் சொன்னால், அந்த நீண்ட எண்களைப் பார்த்தால் தலை சுற்றும். இந்தியாவிலேயே பெரும்பாலான நூலகங்கள் டூயியோடுதான் நிற்கின்றன. அதோடு, எத்தனை முகம் பிரித்தாலும் புத்தகம் இறாக்கையில் ஓரிடத்தில்தானே நிற்கும்? ஆகவே முகங்களை ஒரே வரிசையில் கோர்க்க வேண்டியிருந்தது. கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இடத்தில் தொடங்கிக் காலத்துக்குப் போகலாம், காலத்தில் தொடங்கிப் பயிருக்கும் வரலாம். என்னைக் கேட்டால், அவருடைய யோசனைக்குப் பொருத்தமான இடம் தரவுத்தளம்தான்.

‘இப்ப ஏஐ இருக்கே, பிறகேன் பகுப்பு?’ என்று கேட்பீர்கள். நீங்கள் சொல்லும் வசனத்தை அது விளங்கிக்கொள்ளும், சரிதான். ஆனால் ‘பத்தாயிரத்துக்குக் குறைந்த பருத்திச் சேலை மட்டும்’ என்று கறாராக வடிகட்ட, துணி என்ன, விலை என்ன என்பதை யாராவது தனித்தனியாகப் பதிந்திருக்க வேண்டும். ஒருவர் ‘யாழ்ப்பாணம்’ என்றும் இன்னொருவர் ‘யாழ்.’ என்றும், வேறொருவர் ‘ஜஃப்னா’ என்றும் பதிந்தால் பில்டரில் மூன்று ஊர் வரும்! எங்கட ஆக்கள் நடத்தும் கடைப் பக்கங்களில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

நீங்கள் பனம் பொருளோ சேலையோ ஒன்லைனில் விற்கிறீர்கள் என்றால், படம் ஏற்ற முதல் ஒரு தாளில் எழுதுங்கோ: வாங்க வருபவர் என்ன என்ன கேட்பார்? அந்தக் கேள்விகள்தான் உங்கள் முகங்கள். எழுதியதைக் கொமென்டில் போடுங்கோ, அடுத்த வீடியோவில் இரண்டு மூன்றை எடுத்துச் சேர்ந்தே பிரித்துப் பார்ப்போம்.