கீல் படகு: தண்ணீருக்கு அடியில் 430 கிலோ ஈயம்

(காட்சி: தொண்டிக் கடலில் பாய் விரித்து ஓடும் வத்தை)

தொண்டிப் பக்கம் வத்தை ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? காற்று ஏற ஏற, குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் நகர்ந்து கடலுக்கு மேலேயே போய் உட்காருவார்கள். அந்த உடம்பு எடைதான் படகைக் கவிழாமல் பிடிக்கிறது. அதே வேலையை அடியில் தொங்கும் ஈயம் செய்தால் அது கீல் படகு.

(காட்சி: பக்கவாட்டு வரைபடம்)

ஜே 24-ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ராட் ஜான்ஸ்டோன் வடிவமைத்த ஃபைபர் பாய்மரப் படகு. 1977-இல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 5,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். நீளம் 7.32 மீட்டர், அகலம் 2.72 மீட்டர். மொத்த எடை சுமார் 1,400 கிலோ, அதில் ஈயம் மட்டும் 430 கிலோ!

நம்ம மர வள்ளத்துக்கும் ஏரா, அதாவது அடியில் நீளமாக ஓடும் கட்டை, உண்டு. ஆனால் இந்தக் கீல், சுறாவின் முதுகுத் துடுப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி ஆழமாக இறங்கும். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளவிடாமல் தடுக்கும். படகு சாயச் சாய ஈயம் எதிர்ப்பக்கமாக விலகும். விலகிய அளவுக்கு நிமிர்த்தும் பலமும் கூடும். இருந்தாலும் பந்தயத்தில் படகில் இருக்கும் ஐந்து பேரும் விளிம்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள், வத்தைக்காரர்களைப் போலவே.

(காட்சி: மேல்தளத்தை நாணயத்தால் தட்டும் கை)

உடல் முழுக்க ஃபைபர் அல்ல. இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம். எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் ஒரு திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் போதும், பால்சா உள்ளுக்குள்ளேயே அழுகும். பழைய படகு வாங்கப் போனால் தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்றால் நல்லது. 'தொப்' என்று அமுங்கிய சத்தம் வந்தால் அங்கே ஊறியிருக்க வாய்ப்பு உண்டு. இதில் மட்டும் அவசரப்படவே கூடாது.

(காட்சி: தேவிபட்டினம் கடற்கரை)

அப்புறம் ஆழம். இந்தப் படகு மிதக்க 1.22 மீட்டர் தண்ணீர் வேண்டும், ஏறக்குறைய நெஞ்சளவு. பாக் நீரிணைப் பக்கம் கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் வரும். வள்ளத்தை மணலில் இழுத்துப் போடலாம், இதை முடியாது. தள்ளி நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. கீல் உரசினால் படகுக்கும் சேதம், பல காலம் வளர்ந்த பவளத்துக்கும் சேதம். தெற்கிலிருந்து காற்று வீசும் சோழகத்தில் அந்தக் கடல் கொந்தளிக்கும், வடக்கிலிருந்து வீசும் வாடையில் பாக் நீரிணை.

அதனால் என்னைக் கேட்டால், இராமநாதபுரம் கரைக்கு கீலை மேலே தூக்கிக்கொள்ளும் வகைப் படகுதான் பொருந்தும்.