ஹாஸ்கெல்லில் பிறந்த பெர்ல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கணினி மொழியை இன்னொரு கணினி மொழியில் எழுதிப் பார்ப்பது நிரலாளர்களின் பழைய பொழுதுபோக்கு. பெரும்பாலும் பாதி வழியில் நின்றுபோகும். நின்றுபோயும் காரியம் சாதித்த ஒன்று உண்டு. அதன் பெயர் பக்ஸ்.

தம் பெர்ல் மொழியை அடியோடு மாற்றி பெர்ல் 6 கொண்டுவரப் போவதாக லாரி வால் 2000ஆம் ஆண்டில் அறிவித்தார். ஆண்டுகள் ஓடின. வடிவமைப்பு ஆவணங்கள் குவிந்தன. நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கத்தான் உருப்படியான வழியில்லை. 2005 பிப்ரவரி 1 அன்று தைவானைச் சேர்ந்த ஆட்ரி டாங், ஹாஸ்கெல் என்ற கணினி மொழியைப் பழகும் பயிற்சியாக, அதில் பெர்ல் 6-ஐ எழுதத் தொடங்கினார். அதுதான் பக்ஸ்.

பொருத்தம் பார்த்தால் விநோதமான ஜோடி. பெர்லில் மாறிகளின், அதாவது மதிப்பைத் தாங்கும் பெயர்களின், மதிப்பு நொடிக்கு நொடி மாறலாம். ஹாஸ்கெல்லிலோ ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பு கொடுத்ததுதான். ஆகவே பெர்லின் ஒவ்வொரு மாறிக்கும் உள்ளே தனிக் கொள்கலன் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் 1 முதல் முடிவிலி வரை நீளும் பட்டியல் பெர்ல் 6-இல் உண்டு. கேட்டபோது மட்டும் கணக்கிடும் ஹாஸ்கெல்லுக்கு அது பிறவிக் குணம்.

எழுதி ஓட்டும்போதுதான் ஆவணத்தின் ஓட்டைகள் தெரியும். 'எண் சமம் 1 அல்லது 3 அல்லது 5' என்று ஒரே வரியில் கேட்கலாம் என்கிறது பெர்ல் 6. சரி, 'சமமில்லை' என்று கேட்டால்? எண் 3 என்று வையுங்கள். 3 என்பது 1-க்குச் சமமில்லை. ஆகவே 'ஆம்' என்று இயந்திரம் சொல்லிவிடலாம். மனிதர் எதிர்பார்ப்பதோ 'இல்லை' என்ற விடை. முதலில் சமமா என்று பார்த்து, விடையைப் பிறகு எதிர்மறையாக்கு என்பதே இன்றைய விதி. படிக்கும்போது கண்ணில் படாத இத்தகைய சங்கதிகள் ஏராளம்.

ஆட்ரி டாங் செய்த கெட்டிக்காரத்தனம் இன்னொன்று என்பேன். கேட்டவர்களுக்கெல்லாம் மூலநிரலில் கைவைக்கும் உரிமையைத் தாராளமாகக் கொடுத்தார். ஹாஸ்கெல் தெரியாதவர்கள் பெர்ல் 6-இலேயே சோதனை நிரல்களை எழுதினார்கள்: 'இதை ஓட்டினால் இந்த விடை வர வேண்டும்.' வராவிட்டால் 'இனிமேல் செய்ய வேண்டியது' என்று குறித்துவைத்தார்கள். கூத்தும் குறைவில்லை; பதிப்பு எண்கள்கூட 6.2, 6.28 என்று பை எண்ணின் இருமடங்கை நோக்கி நடந்தன.

பக்ஸ் மெதுவாகத்தான் ஓடியது. சில ஆண்டுகளில் வேலையும் ஓய்ந்தது. பெர்ல் 6 நிரல்களை ஓட்டும் ராக்குடோ என்ற வேறொரு மென்பொருள் முன்னுக்கு வந்தது. 2015 கிறிஸ்துமஸில் பெர்ல் 6 முறைப்படி வெளியானது. 2019-இல் அதன் பெயர் ராக்கு என்று மாறியது. பக்ஸுக்காகத் தொடங்கிய சோதனைத் தொகுப்போ ரோஸ்ட் என்ற பெயரில் வளர்ந்து மொழியின் அதிகாரபூர்வ வரையறையாகிவிட்டது. அந்தச் சோதனைகளில் தேறுவது எதுவோ, அதற்கே பெர்ல் 6 என்ற பெயர் செல்லும் என்று முடிவு செய்தார்கள். ராக்குடோவும் அந்தப் பரீட்சையை எழுதித்தான் தேறியது.